ஆறும் குகையும் ஒரே நாளில்

'ஒரு நாள் ஆறு, குகைச் சுற்றுலா: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். அய்யனார் கோயில் ஆற்றில் மழை இல்லையென்றால் பாறைதான் மிச்சம். மழை கொட்டினால் வனத்துறை குளிக்க விடாது. "போன வாரம் வந்திருக்கணும் சார், தண்ணி பிச்சிக்கிட்டு ஓடுச்சு" என்பார் கைடு. எந்த வாரம் போனாலும் தண்ணீர் ஓடியது போன வாரம்தான்.

செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில். அதற்கென்று 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இப்போது அணிலுக்குப் புலிதான் ஹவுஸ் ஓனர். வேன்காரர்கள் போடும் குத்துப்பாட்டு ஓயும்வரை இரண்டுமே தலைகாட்டாது.

குகையா? சித்தர்கள் தவமிருந்ததாகச் சொல்லும் குகைகள் சதுரகிரியில் உண்டு. தாணிப்பாறையிலிருந்து மலையேற வேண்டும் என்றதும் பாதி வேனுக்கு முட்டிவலி வந்துவிடும். கைடு அடிவாரத்தில் நின்று, "அந்தா, அந்த மேகத்துக்குப் பின்னாடி" என்று கைகாட்டிக் குகையை முடித்துவிடுவார்.

முட்டிவலி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை வாசலில் சரியாகிவிடும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. சூடாக, விரலில் நெய் ஒட்ட, சாம்பிளுக்கே மூன்று சுற்று வருவார்கள். அதற்குள் ஆண்டாள் கோயில் நடை சாத்தியிருக்கும். பதினோரு நிலைக் கோபுரம் வேன் ஜன்னல் செல்ஃபியில் ஏழு நிலையோடு நின்றுவிடும்.

"அடுத்த மாசம் குற்றாலம் பேக்கேஜ் இருக்கு சார், அட்வான்ஸ் இப்பவே குடுத்தா டிஸ்கவுன்ட்."