அம்பு செய்யப் போறியாடா பேராண்டி?

வாடா பேராண்டி, உக்காரு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நீ எழுதுற கட்டுரையில, இருக்குற அம்புக்குறி எதுவும் பத்தலைன்னு புதுசா ஒண்ணு செய்யப்போறியாம். உங்க அம்மா சொல்லிச்சு. சந்தோஷம். யுனிகோடுல அம்புக்குன்னு ஒதுக்கின மொத வரிசையில மட்டும் 112 அம்பு கெடக்குது. கணக்கு அச்சுக்கோக்குற லேடெக்குக்கு ஸ்காட் பேகின் தொகுத்து வெச்ச குறியீட்டுப் பட்டியலைத் தொறந்தா பக்கம் பக்கமா அம்புதான். வளைஞ்சது, நெளிஞ்சது, வாலுல கொக்கி போட்டது, ரெண்டு தலை வெச்சது, பாதி தலையோட நிக்கிறது. அத்தனையும் பாத்துட்டு "நம்ம கருத்துக்கு இதுல எதுவும் ஒத்துவராது"ன்னு முடிவு பண்ணியிருக்கே பாரு, அந்தத் தெம்பு நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் எவனுக்கும் வந்ததில்ல. பட்டியலைப் பாத்தே இல்ல? பாக்கலையா? சரி, சரி. பெரிய ஆளுங்க அப்படித்தான்.

நான் ஈய எழுத்து கோத்த கம்பாசிட்டர்டா. அச்சாபீஸ் கேஸுல அம்பு இல்லன்னா ஒரு கோட்டையும் ஒரு தலையையும் ஸ்டிக்குல பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒட்டினாப்புல காட்டுவோம். அப்புறம் ஈயம் போச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு. கணக்குப் புஸ்தகம் கட்டுற கம்பெனியில உக்காந்து அதே வேலையை லேடெக்குல பண்ணேன். அதனால கெழவனுக்கு என்ன தெரியும்னு மூஞ்சைத் திருப்பாம கேளு.

உனக்கு சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பெயிண்ட்ல ஒரு அம்பு வரை, படமா சேமி, வரிக்கு நடுவுல ஒட்டு. முடிஞ்சுது. பெரிய சமன்பாட்டுல ஜம்முனு நிக்கும். அதே அம்பை ஒரு சப்ஸ்கிரிப்டுக்குள்ள போட்டுப் பாரு, கீழ இருக்குற எழுத்து எறும்பு, அம்பு எருமை. லேடெக்குக்கு அடியில ஓடுற டெக்குல கணக்கு எழுத்து நாலு அளவுல வரும்: தனி வரியில நிக்கிறது, பத்திக்குள்ள ஓடுறது, சப்ஸ்கிரிப்டு, அந்த சப்ஸ்கிரிப்டுக்கும் ஒரு சப்ஸ்கிரிப்டு. நாலுக்கும் ஏத்தாப்புல சுருங்கணும்னா "மேத்சாய்ஸ்" இல்லாட்டி "மேத்பேலட்"னு ஒரு கட்டளை வழியா போகணும். ஆனா உனக்கெதுக்கு அதெல்லாம்? எக்ஸாமினருக்கு எருமை புடிக்கலாம்.

டெக் செஞ்ச டொனால்ட் நூத் நம்மள மாதிரி ஆளுதான். 1977ல தன் புஸ்தகத்தோட ரெண்டாம் பாகத்துக்குப் புது பதிப்பு போட புரூஃப் வந்துச்சு. அச்சைப் பாத்து மனுசன் மனசு ஒடிஞ்சு, நானே அச்சுக்கோக்குறேன்னு கெளம்பிட்டாரு. அவ்வளவு பெரிய ஆளு நீள அம்பை எப்படிச் செஞ்சிருக்காரு தெரியுமா? தனியா வரையல. ஒரு கழித்தல் குறி, அதுக்குப் பக்கத்துல சின்ன அம்பு, ரெண்டுக்கும் நடுவுல மூணு "மியூ" அளவுக்குப் பின்னாடி இழுத்து ஒட்டிட்டாரு. ஒரு மியூங்கிறது அச்சு அளவான ஓர் எம்முல பதினெட்டுல ஒரு பங்கு. அந்த ஒட்டு வேலைக்கு "ஜாயின்ரெல்"னு பேரு. ரெட்டைக் கோட்டு நீள அம்பு? ஒரு சமக்குறி, அதோட ஒரு ⇒. கொக்கி அம்புக்கு ஒரு கொக்கித் துண்டு, ஓர் அம்பு. நாங்க ஸ்டிக்குல பண்ணின அதே திருட்டு வேலைடா! உன்னோட புது அம்பும் பெரும்பாலும் இப்படி ரெண்டு பழைய துண்டைச் சேத்தா வந்துடும். எடுத்த எடுப்புல ஃபான்ட் செய்யறேன்னு மெட்டாஃபான்ட் புஸ்தகத்தை மடியில வெச்சுக்காத. அதைத் தொறந்தவன் கட்டுரைக்குத் திரும்பி வர நாளாகும்.

ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு வேலை இருக்கு. எல்லாரும் அதைத்தான் விடுவாங்க, நீயும் விடு, குடும்பப் பேரைக் காப்பாத்து. டெக்குக்கு ஒவ்வொரு குறியும் என்ன சாதின்னு சொல்லணும். இது வெறும் எழுத்தா, கூட்டல் மாதிரி செயலா, சமக்குறி மாதிரி உறவா? அம்பு உறவு சாதி. "மேத்ரெல்"னு ஒரு உறைக்குள்ள போட்டா ரெண்டு பக்கமும் அஞ்சு மியூ இடம் விடும், சப்ஸ்கிரிப்டுல அந்த இடத்தைத் தானே எடுத்துடும். உறை போடலைன்னா உன் அம்பு பக்கத்து எழுத்தைப் போய் முட்டும். அப்ப என்ன பண்ணுவே? அங்கங்க கையால இடம் விட்டுத் தள்ளுவே. இருநூறு பக்கத்துலயும் தள்ளு. உடம்புக்கு நல்லது.

அம்பு மேல ஏதாச்சும் எழுதணும், எழுத்து நீண்டா அம்பும் நீளணும்னா அதுக்கும் ஆளு இருக்கான். ஏஎம்எஸ்மேத்துல இடம், வலம் ரெண்டு ஒத்தைக்கோட்டு அம்பு நீளும். ரெட்டைக்கோடு, கொக்கி, பாதித் தலை எல்லாம் நீளணும்னா மேத்டூல்ஸ் பொட்டலத்தைப் பிரி. படம் வரையற டிக்ஸ் பொட்டலத்துல வரைஞ்சே தீருவேன்னு நின்னா, தலையை மட்டும் நூத்தோட கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துல வர்ற தலையா வை. இல்லன்னா ஒரே வரியில ரெண்டு ஊர்க்கார அம்பு நிக்கும்.

அம்பு விவகாரம் நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லடா. ரயில் பாதைக்கு அந்தாண்ட கிறிஸ்தவக் கல்லூரி இருக்கே, 1937ல பட்டணத்துலேர்ந்து தாம்பரத்துக்கு வந்துச்சே, அங்க கிஃப்ட் சிரோமணின்னு ஒரு வாத்தியார். புள்ளியியல் துறை. அவரு, அவரு வீட்டுக்காரம்மா ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் சேந்து 1972ல படங்களுக்கு இலக்கணம் எழுதினாங்க. 1974ல கோலத்துக்கே இலக்கணம் போட்டு வெளிநாட்டு ஆய்வு இதழ்ல வெளியிட்டாங்க. உங்க பாட்டி வாசல்ல குனிஞ்சு போட்டதை அவங்க காகிதத்துல விதியா நிமித்தி வெச்சாங்க.

இந்த மாதிரி இலக்கணத்துல அம்புக்கு அம்பு வேலை வேற. இதுக்குப் பதிலா அதை வைன்னு சொல்ற விதிக்கு →. அந்த விதியை ஒரு தடவை போட்டுப் பாத்தா ⇒. பல தடவை போட்டா அதுக்கு மேல ஒரு நட்சத்திரம். எந்த இலக்கணம்னு சொல்லணுமா, அம்புக்குக் கீழ ஒரு எழுத்து. அவங்க 1972 வேலையில, மொதல்ல ஒரு வரி பக்கவாட்டுல வளரும். அப்புறம் அந்த வரியில இருக்குற ஒவ்வொரு எழுத்தும் ஒரே சமயத்துல கீழ எறங்கி எறங்கி ஒரு பத்தியாகும், எல்லாம் சேந்து படமாகும். இப்படி ஒரு கணக்குல கீழ பாக்குற ⇓ வெச்சா யாராச்சும் ஏன்னு கேப்பானா? படம் கீழ வளருது, அம்பும் கீழ பாக்குது. உன் அம்பு நடுவுல ஒரு வளைவு வளைஞ்சு நுனியில முடிச்சு போட்டிருக்கே, அங்க கணக்குல எது வளையுது, எது முடிச்சு போடுது? அதைச் சொல்லு, நானே உனக்கு வரைஞ்சு தரேன். அழகுக்குன்னு சொன்னே, எழுந்து போ.

இன்னொண்ணு பாரு, மேல நட்சத்திரம், கீழ எழுத்து, இதுக்கெல்லாம் புது அம்பே வேணாம். "ஸ்டேக்ரெல்", "அண்டர்செட்"னு பழைய கட்டளைங்க இருக்குது. பழைய அம்புக்குத் தொப்பியும் செருப்பும் மாட்டினா புது ஆளா தெரிவான்.

ஜிஎஸ்டி ரோட்டுல நம்ம இரும்புலியூர்கிட்ட பைபாஸ் பிரியுது பாரு. அங்க மதுரவாயலுக்கு ஒரு மாதிரி அம்பு, வண்டலூருக்கு வேற மாதிரி அம்பு, தாம்பரத்துக்கு முடிச்சு போட்ட அம்புன்னு பலகை நட்டா, லாரிக்காரன் ஊருக்குப் போறதா, அம்பை ரசிக்கிறதா? உன் கட்டுரையைப் படிக்கிறவனும் லாரிக்காரன்தான். ஒரு கட்டுரைக்குப் புது அம்பு ஒண்ணு போதும். ரெண்டு வெச்சா மொத பக்கத்துலயே அட்டவணை போடு.

பேரு வைக்கிறதுலயும் உன் புத்திசாலித்தனத்தைக் காட்டிடாத. "வளைஅம்பு"ன்னு உருவத்துக்குப் பேரு வைப்பே, நாளைக்கு கைடு நேரா போடுன்னா நேர் அம்புக்கும் வளைஅம்புன்னே பேரு நிக்கும். அது என்ன செய்யுதோ அதைப் பேரா வை. அப்ப உருவத்தை மாத்தணும்னா முகப்புல ஒரே வரியை மாத்தினா போதும். "டெஃப்" போட்டு எழுதாத, ஏற்கெனவே அந்தப் பேருல ஒரு கட்டளை இருந்தா சத்தமில்லாம அதை முழுங்கிடும். "நியூகமாண்ட்" நல்ல புள்ள, பேரு இருக்குன்னா சண்டை போட்டு நிக்கும்.

வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினா வெள்ளைக்காரன் கட்டுவான்னு நெனைக்கிறியா? தரமணியிலயோ வேளச்சேரியிலயோ ஒரு பொண்ணு நைட் ஷிஃப்ட்ல உக்காந்து கட்டும். உன் கையால வரைஞ்ச அம்புக்கு யுனிகோடு எண் கெடையாது. வெப் பக்கத்துக்கு மாத்தும்போது அந்தப் பொண்ணு அதைப் படமா ஒட்டணும், இல்ல ஆத்தர் கொயரின்னு உனக்குக் கேள்வி அனுப்பணும். கேள்வி வந்தா கோவப்படாம பதில் சொல்லு.

கடைசியா ஒரு விஷயம். நூத் செஞ்ச எழுத்துலயே மொதல்ல அம்போட தலை சின்னதா, மெலிசா இருந்துச்சு. ஜெராக்ஸ் எடுத்தா தலை காணாமப் போயிடும். 1992ல அவரே தலையைப் பெருசாக்கி, கறுப்பாக்கினாரு. அவ்வளவு பெரிய ஆளே தாளைப் பாத்துத்தான் திருத்தினாரு. நீ ஸ்கிரீன்ல நானூறு சதவீதத்துக்கு விரிச்சுவெச்சு ரசிச்சுக்கிட்டு கெடக்குறே. போ, தாம்பரத்துல ஒரு கடையில அந்தப் பக்கத்தை அச்சடி, அதையே ஜெராக்ஸ் எடு, கொண்டா. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு நான் பாக்குறேன். எந்தப் பக்கம் பாக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சா கைடுக்கு அனுப்பு. தெரியலையா, பேசாம பழைய → போட்டுட்டு வந்து சாப்புடு.