அம்பாசிடர் இண்டிகேட்டர் இயல்

பாயிரம்

உத்தரப்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பல வண்டிகளில் இண்டிகேட்டர் அதற்கு வெகுகாலம் முன்பே நின்றுவிட்டது. அதன் காரணம் ஆராய்தலே இவ்வியலின் நோக்கம். நூற்பயன், பின்னால் வருபவரிடம் வசவு வாங்காதிருத்தல்.

முன்னோர் கொள்கை

இத்துறையில் இரு மரபுகள் கோலோச்சுகின்றன. தட்டல் மரபினர் விளக்கை உள்ளங்கையால் அறைவர். ஓல்டரில் பூத்த பச்சைக் களிம்பு அதிர்ச்சியில் சற்றே விலகி விளக்கு எரியும். அடுத்த வேகத்தடை வரை இக்கொள்கை மெய். கைநீட்டல் மரபினரைச் சட்டம் ஏற்கும், மழை ஏற்காது. நீட்டிய கை திரும்பவா, காற்று வாங்கவா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.

மினுக்கல் திரிபு

நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்குவது இயல்பு. திரிபு நான்கு.

இன்மை: இரு பக்கமும் எரியாமை. பியூஸ் நன்றாயிருந்தால், இண்டிகேட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, பிளாஷரின் பி, எல் முனைகளை ஒரு வயரால் இணைக்க. விளக்கு மினுக்காமல் எரிந்தால் பிளாஷர் காலி. எரியாவிட்டால் சுவிட்சையும் வயரிங்கையும் சந்தேகிக்க.

நிலைபேறு: ஒரு பக்கம் மட்டும் எரிந்தபடியே நிற்றல். பழைய பிளாஷருக்குள் இருப்பது கரண்டின் சூட்டில் இயங்கும் உலோகத் தகடு. முன்னும் பின்னுமாக இரு 21 வாட் பல்புகளும் இழுத்தால்தான் அதற்கு வேண்டிய சூடு ஏறும். ஒன்று போனால் தகடு சோம்பும்.

விரைவு: எலக்ட்ரானிக் பிளாஷர் மாட்டியவருக்கு அதே நோய் தலைகீழாகத் தோன்றும், ஒரு பல்பு போனதும் மற்றது படபடக்கும். எல்இடி போட்டாலும் இதே கதி. வாட் குறைந்ததைப் பல்பு போனதாகவே பிளாஷர் எண்ணும்.

மயக்கம்: இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்குதல். எர்த் கெட்டதால் கரண்ட் பக்கத்து விளக்கின் வழியே ஊர் திரும்புகிறது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, எர்த் வயரை பாடியோடு இறுக்குக.

முடிபு

பிளாஷர் வாங்கக் கடைக்கு ஓடுமுன் பல்பு, ஓல்டர், எர்த் மூன்றையும் பார்க்க. பெரும்பாலும் உப்புத்தாளும் ஒரு பல்புமே போதும். எல்லாம் சரியாகி, இடப்பக்கம் மினுக்கிக்கொண்டே வலப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் இவ்வியலின் எல்லைக்கு அப்பாற்பட்டவர். அக்கோளாறுக்கு ஸ்பேர் கிடைக்காது.