நாய்களை யாரும் விசாரிக்கவில்லை

கரிசல் காட்டின் முதல் வீரன் ஒரு முயல். சாலிகுளத்துப் பக்கம் பாளையக்காரர் வேட்டைக்குப் போனபோது அவருடைய நாய்கள் முயலொன்றைத் துரத்தின. உயிர் பிழைக்க ஓடிய முயல், குறிப்பிட்ட ஓரிடத்துக்கு வந்ததும் சட்டென்று திரும்பி நாய்களைத் துரத்தியது. ஏழு நாய்கள் என்று கணக்கும் சொல்வார்கள். ‘ஆகா, இந்த மண்ணிலேயே வீரம் ஊறிக் கிடக்கிறது’ என்று பாளையக்காரர் அங்கேயே கோட்டை கட்டினார். அதுதான் பாஞ்சாலங்குறிச்சி.

நல்ல கதைதான். ஆனால் இதே முயல் துங்கபத்திரைக் கரையில் ஹரிஹரர், புக்கரின் நாய்களைத் துரத்தி விஜயநகரத்துக்கு இடம் காட்டியிருக்கிறது. சபர்மதிக் கரையில் சுல்தான் அகமது ஷாவின் நாய்களைத் துரத்தி அகமதாபாத்துக்கும் மனை பார்த்துக் கொடுத்திருக்கிறது. கோட்டை கட்டுகிற ஆசை எந்த ராஜாவுக்கு வந்தாலும் முயல் ஆஜர். இத்தனை ஊரில் இத்தனை நாய்கள் தோற்றிருக்கின்றன. ஒரு நாயையாவது கூப்பிட்டு, ‘உண்மையிலேயே ஒரு முயலுக்குப் பயந்தா ஓடினாய்?’ என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்த முயல் இப்போது செல்போனுக்குள் குடியேறிவிட்டது. திறந்தால் ஓர் ஆசான். இடுப்பில் சிவப்புத் துண்டு, கையில் கம்பு, பின்னணியில் உறுமி மேளம். “எங்களது அய்யாயிரம் வருசப் பரம்பரை” என்பார். “எங்க பாட்டையா ஒத்தக் கம்போட நின்னா நாப்பது பேரு கிட்ட வர முடியாது” என்பார். “தொடு வர்மமெல்லாம் சின்னப் பிள்ளைக வெளாட்டுல்லா? நோக்கு வர்மம் தெரிஞ்சவன் பாத்தாலே போதும்” என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார். எதிரே நிற்கும் பையன் பொத்தென்று விழுவான். பையன் யாரென்றால் அவரிடமே மாதச் சம்பளம் கட்டிப் படிக்கிற சீடன். விழாமல் நின்றுவிட்டால் மறுநாள் வகுப்புக்கு எந்த முகத்தோடு வருவான்?

சிலம்பத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. கம்பு நல்ல கம்பு. அதோடு சேர்ந்து சுழல்கிற நாக்கை எப்படி எடைபோடுவது என்பதுதான் கேள்வி. இதற்குக் கரிசல் மண் இருநூறு வருசம் முன்னாலேயே பாடம் நடத்திவிட்டது. பாஞ்சாலங்குறிச்சியில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்குப் பின்னாளில் கிடைத்த வசனம் தமிழ்நாட்டில் வேறெவருக்கும் கிடைக்கவில்லை. தம்பிக்கோ பேச்சே வராது.

அண்ணனை முதலில் பார்ப்போம். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில், சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தை சிவாஜி கணேசன் முழங்க, ஜாக்சன் துரை ஒடுங்கிப்போவார். அந்த வசனத்தைப் பேசிக் கைதட்டு வாங்க ஒரு பையன் இல்லாமல் தென்மாவட்டத்துப் பள்ளிக்கூட ஆண்டுவிழா எதுவும் நிறைவடைந்ததில்லை.

1798-இல் நடந்தது வேறு. கிஸ்தி பாக்கியைப் பற்றிப் பேச வரச்சொல்லி ஓலை விட்ட கலெக்டர் ஜாக்சன், சொன்ன இடத்தில் இருக்கவில்லை. குற்றாலம் என்றார், அங்கே போனால் சொக்கம்பட்டி, பிறகு சிவகிரி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். கட்டபொம்மன் பின்னாலேயே போனார். 23 நாள், ஏறக்குறைய 400 மைல். ‘ஐயா கேம்ப் போயிருக்காங்க’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலைந்த முதல் தென்னாட்டுக்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் நிற்கவைத்தே கணக்குக் கேட்டார்கள். வெளியேறும்போது கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மனோடு வந்த தானாபதிப் பிள்ளை மாட்டிக்கொண்டார், கட்டபொம்மன் தப்பித்தார்.

தப்பித்த பாளையக்காரர் சென்னைக்கு மனு எழுதினார். கும்பினி ஒரு விசாரணைக் குழு போட்டது. ஜாக்சன் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று குழு சொல்ல, துரைக்கு வேலை போயிற்று. ஆக, ஜாக்சனை வீழ்த்திய ஆயுதம் ஒரு மனு. ஆண்டுவிழா மேடையில் மனுவை வாசித்தால் கைதட்டு விழாதுதான். ஆனால் இந்த வெற்றிக்குச் சாட்சி சொன்னது எதிராளியின் ஆபீஸ்.

மறு வருசம் மேஜர் பானர்மேன் பீரங்கியோடு வந்தார். கோட்டை விழுந்தது, 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. தூக்கிலிட்ட பானர்மேனே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், அந்த மனிதர் அசராமல் நின்றார், எதிர்த்தரப்புப் பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தார், உறுதியான நடையோடு மரத்தடிக்குப் போனார் என்கிற பொருளில் குறித்திருக்கிறார். கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்தே செத்திருக்கலாம் என்று அவர் வருந்தியதையும் சேர்த்தே எழுதினார். கயிறு போட்டவரே இப்படி எழுதுகிறார் என்றால், அதற்குமேல் சினிமா வசனகர்த்தாவின் சிபாரிசு எதற்கு?

இனி தம்பி. ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் போட்டிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஊரிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார் எல்லாம் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்த நேரம், மாறுவேடத்தில் வந்த ஆட்கள் காவலை அமுக்க, கைதிகள் வெளியே. விடிவதற்குள் முப்பது மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து கும்பினிப் படை போய்ப் பார்த்தால், தாங்கள் தரைமட்டமாக்கிய கோட்டை முழுசாக எழுந்து நிற்கிறது. மேலே ஆயிரத்தைந்நூறு பேர். பஞ்சாயத்து யூனியன் டெண்டர் விட்டிருந்தால் பூமி பூஜைக்கே ஆறு மாதம் ஆகியிருக்கும்.

இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் ஜேம்ஸ் வெல்ஷ். அந்தப் படையில் இருந்த அதிகாரி. 1830-இல் லண்டனில் இரண்டு தொகுதியாக வந்த தன் ராணுவ நினைவுகளில் ஊமைத்துரையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், செல்போன் ஆசான்கள் சிவப்புத் துண்டை அவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஆஜானுபாகு உடம்பு, கர்ஜனை எதுவும் கிடையாது. ஒல்லியான, நெட்டையான, நோயாளி மாதிரித் தோற்றம் கொண்ட இளைஞன். காது கேளாது, வாய் பேசாது. இடக்கை உள்ளங்கையில் நாலைந்து துரும்புகளை அடுக்கி, இதுதான் இங்கிலீஷ்காரப் படை என்று காட்டுவான். வலக்கையால் ஒரே வீச்சில் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. உத்தரவு போட்டுவிட்டு, முன்வரிசையில் ஓடுவதும் அவனே.

சந்தேகப் பிராணிகள் இங்கே கை தூக்கலாம். தோற்றவன் வென்றவனைப் பெரிதாக்கிச் சொல்வது இயல்புதானே? மண்சுவரிடம் தோற்றுத் திரும்பிய பட்டாளம், ‘சுவருக்குப் பின்னால் பூதம் இருந்தது’ என்றுதான் எழுதும். நியாயமான கேள்வி. ஆனால் வெல்ஷ் பூதம் எதையும் காட்டவில்லை. 1801 மார்ச் 31-இல் பீரங்கியால் சுவரை உடைத்த பிறகும் ஏன் உள்ளே நுழைய முடியவில்லை என்பது அவர்களுக்கே விளங்கவில்லை. மே 24-இல் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்தபின் உள்ளே போய்ப் பார்த்தார்கள். உடைப்புக்குப் பின்னால் பள்ளமான மறைவில் ஆட்கள் நின்றுகொண்டு, பதினெட்டு இருபது அடி நீள ஈட்டிகளால் மேலே ஏறுகிறவர்களைக் குத்தியிருக்கிறார்கள். துப்பாக்கி முனைக் கத்திக்கு எட்டாத தூரம். அவ்வளவுதான் சூட்சுமம். ஐயாயிரம் வருச ரகசியமோ நோக்கு வர்மமோ அதில் இல்லை. நீள ஈட்டி, பள்ளம், பொறுமை.

வித்தையை நம்பலாமா என்பதற்கு இது நல்ல உரைகல். மெய்யான வித்தை, எப்படி நடந்தது என்று விளக்கிய பிறகும் வித்தையாகவே இருக்கும். போலி வித்தை விளக்கியவுடன் செத்துவிடும். அதனால்தான் போலி ஆசான் விளக்கமாட்டார். ‘தகுதியான சீடனுக்கு மட்டும்’ என்பார்.

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை குத்துயிராகக் கிடந்த கதையும் வெல்ஷ் சொன்னதுதான். தன் மகனைத் தேடி வந்த ஒரு கிராமத்துப் பெண், சாகக் கிடந்த மகனின் சொல் கேட்டு, அவனை விட்டுவிட்டு ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிப்போனாள். கும்பினிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பி ஓடினார்கள். தொடாமலே ஒரு கூட்டத்தை விரட்டியதாக நம் பக்கத்தில் எழுத்துச் சாட்சியோடு இருக்கிற ஒரே வித்தை இதுதான். செய்தவள் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.

ஆசானுக்காக விழுகிற சீடனின் சாட்சி செல்லாது என்பதற்கு ஒரு விலக்கும் உண்டு. சீடன் பிறகு எதிரியாகியிருந்தால் தாராளமாகச் செல்லும். அமைதிக் காலத்தில் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக் கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது. தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று எழுதி வைத்திருக்கிறார் மாணவர். பின்பு அதே மாணவர் இருந்த படைதான் ஆசானை வேட்டையாடிப் பிடித்தது. 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கு. புகழ்ந்து எழுதுவதால் வெல்ஷுக்கு ஐந்து காசு லாபமில்லை. அந்த நூறு கஜத்தை நான் நம்புவது அதனால்தான்.

தத்தம் தரப்புக்கு எழுதிய புத்தகங்களும் நம் பக்கம் ஏராளம். 1879-இல் எட்டயபுரம் அரண்மனைக்கு ‘வம்சமணி தீபிகை’ வந்தது. அதற்கு வெகுகாலம் கழித்து ம.பொ.சி. கட்டபொம்மனைச் சுதந்திர வீரராக்கினார். தமிழ்வாணன் கொள்ளைக்காரர் என்று புத்தகம் போட்டார். படிக்க எல்லாமே ருசிதான். ஆனால் எந்தப் பக்கமும் தன் சொந்த முயலையே கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்லவைத்தது.

‘வெள்ளைக்காரன் பயந்துபோய் சிலம்பத்தைத் தடை பண்ணினான்’ என்பது ஆசான்களின் அடுத்த பிரியமான வரி. பயந்தது மெய்தான். 1801 டிசம்பர் 1-இல் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆனால் அந்தப் பயத்தின் புண்ணியம் ஈட்டிக்கும் துப்பாக்கிக்கும் கோட்டைக்கும் சேர வேண்டியது. அவ்வளவையும் தன் பாட்டையாவின் ஒற்றைக் கம்பில் வரவு வைத்துக்கொள்வது, ஊர்க் கிணற்றைத் தன் பேரில் பட்டா போடுகிற காரியம்.

இந்தச் சீக்கு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜப்பானில் யனாகி ரியூகென் என்ற பெரியவர், தொடாமலே சீடர்களைச் சுருட்டி வீழ்த்துவார். விழுந்து விழுந்து சீடர்கள் அவரையே நம்பவைத்துவிட்டார்கள். 2006-இல் பந்தயம் கட்டி, சம்பளம் கட்டாத ஒருவரோடு மேடை ஏறினார். முகத்தில் ரத்தத்தோடு இறங்கினார். சீனாவில் 2017-இல் வெய் லெய் என்ற தைச்சி ஆசானை ஷூ சியாவ்டோங் என்ற சண்டைக்காரர் இருபது வினாடிக்குள் தரையில் கிடத்தினார். ஷூவும் வாய் ஓயாத ஆள்தான். இன்னொரு தைச்சி ஆசானை ஏசியதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லி நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. எனவே சத்தம் போடுகிறவரெல்லாம் போலி, அடக்கமானவரெல்லாம் மெய் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வாயடிக்கிறவரும் அடிக்கத் தெரிந்தவராக இருக்கலாம். பேசாதவர் ஒன்றும் தெரியாததாலும் பேசாமல் இருக்கலாம்.

காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனாவுக்கே குங்ஃபூ சொல்லிக்கொடுத்த போதிதர்மரை 2011-இல் ‘ஏழாம் அறிவு’ வீடுதோறும் சேர்த்தது. அவர் காலத்தை ஒட்டி, கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்சி எழுதிய நூல் அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. தனக்கு வயது நூற்றைம்பது என்று அவரே சொல்லிக்கொண்டாராம். ஒரு விகாரையைப் பார்த்து வியந்ததைத் தவிர யாரையும் அடித்ததாக அதில் இல்லை. அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பும் உண்டு. சண்டை அதிலும் இல்லை. உடற்பயிற்சியை அவர் தலையில் கட்டிய ‘யிஜின் ஜிங்’, 1624 தேதியிட்டுப் பல நூற்றாண்டு பிந்தி வந்தது. சண்டைக் கலைக்கு அவர் மூலவர் என்பதை 1930-களிலேயே டாங் ஹாவ் என்ற சீன வரலாற்றாசிரியர் உடைத்துவிட்டார். அவரும் ஒரு படம் எடுத்திருந்தால் நமக்குச் சேதி எட்டியிருக்கும்.

கரிசல் காட்டுக் கோவில்பட்டிக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அது ஹாக்கி ஊர். இங்கே கையில் மட்டை பிடித்த சின்னப் பையன்கூட, கோல் விழுந்ததா இல்லையா என்பதை அடித்தவன் தீர்மானிக்க முடியாது என்று தெரிந்துதான் வளர்கிறான். ஹாக்கி மட்டைக்கு உள்ள சட்டம் சிலம்பக் கம்புக்கு மட்டும் ஏன் கிடையாது?

ஆகையால் பிள்ளையைச் சிலம்பத்துக்குச் சேர்க்க நினைக்கிற தாய் தகப்பனுக்கு ஒரு யோசனை. ஆசானிடம் பரம்பரையைக் கேட்காதீர்கள். அது பத்து நிமிசத்தில் சேர சோழ பாண்டியரைத் தொட்டுவிடும். போட்டியில் அவருடைய பிள்ளைகளோடு மோதித் தோற்ற பக்கத்து ஊர் வாத்தியாரைத் தேடிப்போய், ‘அவர் எப்படி?’ என்று கேளுங்கள். அவர் வாயைச் சுளித்துக்கொண்டு, “தொழில் தெரிஞ்ச ஆளுதான்” என்றால் அன்றைக்கே சேர்த்துவிடலாம். “எனக்கு இதுவரை எதிராளியே கிடையாது” என்று ஆசான் சொன்னால் அதையும் அப்படியே நம்புங்கள். கிடையாது என்றால், ஒருவர்கூட இதுவரை அவரை அடித்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.