கயிற்றை மாட்டுவது யார் வேலை?

காமிக்ஸ் நாயகனை மேடையேற்றத் துடிக்கும் கலைச் செம்மல்களே, இலக்கண நூல் தேடி அலையாதீர்கள். நியூயார்க்கின் பிராட்வேயில் ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ என்ற இசை நாடகம் நடந்த வரலாறு இருக்கிறது. கையில் ஏழரைக் கோடி டாலரும், மேலிருந்து விழச் சில இளைஞர்களும் இருந்தால் போதும்.

முதல் விதி: கதையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த கதை மிக எளியது. திருடனைப் பிடிக்க முடிந்தும் ‘எனக்கென்ன’ என்று ஒதுங்குகிறான் ஒரு பையன். அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொல்கிறான். பொறுப்பு என்றால் என்னவென்று அன்றுதான் அவனுக்கு உறைக்கிறது. மேதைகளுக்கு இது போதுமா? ‘லயன் கிங்’ புகழ் இயக்குநர் ஜூலி டேமர், கிரேக்கப் புராணத்திலிருந்து அராக்னி என்ற நெசவுக்காரியை இழுத்துவந்தார். யூ2 குழுவின் போனோவும் எட்ஜும் பாட்டெழுதி இசையமைத்தார்கள். அராக்னியின் சிலந்திப் படை காலணிகளைத் திருடி எட்டுக் காலிலும் மாட்டிக்கொண்டு பாடியது. காலணி மாட்டுவதில் காட்டிய அக்கறையைக் கயிறு மாட்டுவதில் காட்டியிருக்கலாம்.

இரண்டாம் விதி: ஒத்திகையை ரசிகர் செலவிலேயே நடத்துக. 2010 நவம்பர் 28 அன்று முதல் முன்னோட்டக் காட்சி. ஐந்து முறை நின்று நின்று ஓடியது. அராக்னியாக நடித்த நடாலி மெண்டோசாவின் தலையில் கயிறு அடித்து மூளை அதிர்ச்சி. அதற்கு முன்பே ஒத்திகையில் ஒரு கலைஞரின் இரண்டு மணிக்கட்டுகளும் முறிந்திருந்தன. இப்படியே 182 முன்னோட்டங்கள். அழைப்புக்குக் காத்திருந்து அலுத்த விமர்சகர்கள், பிப்ரவரியில் தாங்களாகவே போய்ப் பார்த்துக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

மூன்றாம் விதி: விழுந்தால் அதுவும் விளம்பரம். 2010 டிசம்பர் 20 அன்று கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடனக் கலைஞர் நாயகியைக் காப்பாற்றும் காட்சியில் பாய்ந்தார். முதுகில் கயிறு இருந்தது. அதன் மறுமுனை எங்கும் மாட்டப்பட்டிருக்கவில்லை. இருபது அடிக்கு மேல் கீழே விழுந்தார். மண்டையோட்டில் விரிசல் விழுந்தது, விலா எலும்புகளும் முதுகெலும்பும் முறிந்தன. தெருவோரக் கழைக்கூத்தாடிகூடப் பிள்ளையை ஏற்றுமுன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். இங்கே மூன்றாம் நாளே மறுபடி திரை தூக்கினார்கள். ஜனவரியில் பிராட்வே வசூல் பட்டியலில் முதலிடம்! அடுத்து யார் விழுவார் என்று பார்க்க வந்த கூட்டமும் அதில் சேர்த்திதான். கைதட்டிய கைகளே, உங்களுக்கும் பங்கு உண்டு.

நான்காம் விதி: சட்டத்துக்கு அஞ்ச வேண்டாம். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை ஆய்வு செய்தது. சரியாகப் பூட்டப்படாத பாதுகாப்பு வார், தடுப்பில்லாத மேடை விளிம்பு, தலைக்கு மேல் ஆடும் கருவிகள் என்று கடுமையான மீறல்களைக் கண்டது. கண்டு, 12,600 டாலர் அபராதம் என்று அறிவித்தது. போட்ட முதலில் லட்சத்துக்குப் பதினேழு டாலர்கூட வராது. பின்னாளில் ஒரே வாரத்தில் 29 லட்சம் டாலர் வசூலித்த நாடகம் அது. காட்சி தொடங்கிய சில நிமிடங்களில் அபராதம் தேறிவிடும். ஒரு மண்டையோட்டின் அரசாங்க விலை இதுதான் என்று தெரிந்தபின் யார் கயிற்றுக்குச் செலவழிப்பார்?

ஐந்தாம் விதி: சண்டை என்றால் காசுக்காக மட்டும். 2011 மார்ச்சில் டேமரை வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட, உரிமைத்தொகை யாருக்கு எவ்வளவு என்று 2013 வரை இழுபறி நடந்தது. பங்கு கேட்கப் பத்துக் கை நீண்டது. பொறுப்பு கேட்க ஒரு கையும் நீளவில்லை. அதே 2013 ஆகஸ்டில் இன்னொரு நடனக் கலைஞரின் கால் மேடைப் பொறியில் சிக்கியது.

2014 ஜனவரி 4 அன்று கடைசித் திரை விழுந்தது. ஆறு கோடி டாலர் வரை நஷ்டமாம். பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. முதலீட்டாளரின் பணப்பைக்கு அழுத கண்ணில், மணிக்கட்டுக்கும் முதுகெலும்புக்கும் ஒரு சொட்டு மிச்சமில்லை. பொறுப்பைப் பற்றிய கதையை வாங்கி, அதிலிருந்து பொறுப்பை மட்டும் உருவிப் போட்டுவிட்டு, மீதியை விற்றவர்களுக்குக் காமிக்ஸ் உலகில் வில்லன் என்று பெயர். அங்கே அவர்களைக் கடைசிப் பக்கத்திலாவது பிடித்துவிடுவார்கள்.