ஒரு ‘தொப்’ என்ன விலை?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைகளில் ஒரு செய்முறை விளக்கம் உண்டு. கடைக்காரர் வெறும் தகரத் துண்டு ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டுவார். ‘டண்ண்ண்’ என்று அது அழும். அடுத்து, முதுகில் பளபளவென்று டேம்பிங் ஷீட் ஒட்டிய தகரத்தைத் தட்டுவார். ‘தப்’. அவ்வளவுதான். வாடிக்கையாளர் முகத்தில் ஞானம் பரவும். நாலு டோருக்கும் எவ்வளவு ஆகும் என்ற கேள்வி தானாக வாயில் வரும். இந்த விளக்கத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அண்ணா சாலையில் எந்த மாநகரப் பேருந்தும் பக்கத்தில் வந்து நம் கதவை விரல் முட்டியால் தட்டுவதில்லை. தட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் கடைக்காரர் நிரூபித்திருக்கிறார். என் கட்சி இதுதான்: கதவுக்குள் ஒட்டும் ஷீட்டால் கிடைப்பது, கதவைச் சாத்தும்போது கேட்கும் கனத்த ஒரு ‘தொப்’. அதற்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. அமைதிக்கென்று கொடுத்தால்தான் வம்பு.

அந்த ஷீட் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. சுமார் 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர், அதன் மேல் அலுமினியத் தகடு. கதவுத் தகரம் அதிரும்போது, தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டுக் கசங்குகிறது; அதிர்வு கொஞ்சம் வெப்பமாகிச் செத்துப்போகிறது. வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு ஒரு விரலால் தொட்டால் நாதம் அடங்கிவிடும் அல்லவா, அதே வேலை. தாம்பாளத்தை அடக்க ஒரு விரல் போதும், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. கதவிலும் தகரப் பரப்பில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குமேல் ஒட்டுவது எடையைத்தான் கூட்டும். எடை கூடினால் சத்தம் தடுக்கப்படாதா என்றால், படும். எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிடலாம். 0.7 மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ வரும். ஷீட் ஏறத்தாழ 3 கிலோ. தடுப்பின் எடை இரட்டிப்பானால் ஊடுருவும் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் பாலபாடம். இங்கே ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. ஆகவே முழுக் கதவையும் மூடினால்கூட 4 டெசிபலுக்குள்தான். காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். நம் நாட்டில் கார் ஹாரன் 93 முதல் 112 டெசிபல் வரை இருக்கலாம். அந்த 112இலிருந்து 4ஐக் கழித்தால் 108. அவசர எண் 112க்கு அடித்த போன் 108 ஆம்புலன்ஸுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி. அவசரம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

அதுவும் தகரம் வழியாக வரும் சத்தத்துக்கு மட்டும். கதவின் மேல் பாதி கண்ணாடி. அதன் மேல் ஷீட் ஒட்டினால் போக்குவரத்துக் காவலர் ஒத்துக்கொள்ள மாட்டார். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கோ இன்னும் பொல்லாதது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மீதியைக் கருங்கல்லால் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பழைய காரில் காய்ந்து வெடித்துப்போன பீடிங்கை மாற்றாமல் கதவுக்குள் ஷீட் அடுக்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். வேகமாகப் போகையில் வருவது காற்றுச் சத்தம். அது வேகத்தின் ஆறாம் படியை ஒட்டி ஏறுகிறது. செங்கல்பட்டைத் தாண்டி நூறில் போகிறவர் எண்பத்தைந்துக்கு இறங்கினால் காற்றுச் சத்தம் ஏறக்குறைய அதே 4 டெசிபல் குறையும். செலவு இல்லை, பெட்ரோலும் மிச்சம். ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதை எந்தக் கடையும் பாக்கெட்டில் போட்டு விற்க முடியாது என்பதால் இந்த வைத்தியத்துக்கு விளம்பரம் இல்லை. டயர் சத்தம் சக்கர வளைவு வழியாகவும் தரை வழியாகவும் ஏறிவருகிறது. கதவுக்கு அதில் சின்னப் பங்குதான்.

அப்படியானால் பெரிய கார்க்காரர்கள் முட்டாள்களா, அவர்கள் கிலோ கிலோவாக இதைத்தானே அடைக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கண்ணாடி, பீடிங், தரை, டயர் எல்லாவற்றையும் வரைபடத்திலிருந்தே சேர்த்து யோசிக்கிறார்கள். கதவை மட்டும் பிரித்து உட்காருவதில்லை. அவர்கள் கதையின் முடிவும் சுவாரசியமானது. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதும் அந்தக் காருக்குள் பெரிய சத்தம் மின்சாரக் கடிகாரத்துடையதுதான் என்பது அதன் சாரம். ஊரே இதைப் பெருமையாக வாசித்தது. எனக்கென்னவோ இது புகார் மனு மாதிரிதான் படுகிறது. எஞ்சினை அடக்கினார்கள், காற்றை அடக்கினார்கள், கடைசியில் கடிகாரம் தலைதூக்கியது. 2020இல் வந்த அதே கம்பெனியின் கோஸ்ட் காரில் 100 கிலோவுக்கு மேல் ஒலி அடக்கும் சரக்கு. அமைதி அளவுக்கு மீறிப்போய், உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று, பாகங்களையெல்லாம் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து மெல்லிய முணுமுணுப்பு ஒன்றைத் திரும்ப உள்ளே விட்டார்கள். காசைக் கொட்டிச் சத்தத்தை வெளியேற்றி, மேலும் காசைக் கொட்டி அதை வீட்டுக்கு அழைத்துவந்த கதை.

நம் பத்து லட்ச ரூபாய்க் காரில் கடிகாரத்தின் முறை வரவே வராது. அதற்கு முன்னால் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கதவு ஓய்ந்ததும் டாஷ்போர்டில் ஒரு ‘கிர்ர்’ கேட்கும். அது நேற்றும் இருந்தது, கதவு பாடிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. அடுத்து சீட் பெல்ட் கொக்கி. போதாததற்கு வேலையே புதுச் சத்தத்தைப் பெற்றுத்தரும். டோர் பேடைக் கழற்றும்போது பிளாஸ்டிக் கிளிப்புகளில் ஒன்றிரண்டு உடையாமல் இருக்காது. “ஒண்ணும் ஆகாது சார், மத்ததெல்லாம் டைட்டா பிடிச்சிக்கும்” என்பார் மெக்கானிக். பிடித்துக்கொள்ளும், முதல் மேடுபள்ளம் வரை. பிறகு நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து அடக்கிய கதவு, சில்லறைக் காசு பெறாத கிளிப்புக்காகப் பேசத் தொடங்கும்.

“என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒட்டியபின் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது” என்பவர்களை நான் நம்புகிறேன். தெரிவது நிஜம். ஒன்று அந்த ‘தொப்’. கார் கம்பெனிகளே கதவு சாத்தும் சத்தத்துக்கென்று தனியாகப் பொறியாளர்களை உட்கார வைக்கின்றன. ஷோரூமுக்குப் போகிறவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் கதவைச் சாத்திப் பார்க்கிறார். மாமனார், மச்சான் முன்னால் சாத்தும்போது அந்தச் சத்தத்துக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. இன்னொன்று பாட்டு. கதவில்தான் ஸ்பீக்கர் இருக்கிறது. அதன் பின்பக்க அலை, உள்தகரத்தில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியே சுற்றி வந்து முன்பக்க அலையோடு மோதி பேஸைத் தின்றுவிடும். அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால் இளையராஜா பாட்டில் இதுவரை வேலைக்கு வராதிருந்த பேஸ் கிட்டார்க்காரர் வந்து உட்காருகிறார். ஸ்பீக்கரை மாற்றாமல் இவ்வளவு கிடைப்பது லாபமே.

ஆகவே ஒட்டுங்கள், அளவோடு. வெளித்தகரத்தின் நடுவிலும் ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் முதலில். மலிவாகக் கிடைக்கிறதென்று மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். கத்திரி வெயிலில் அது இளகிக் கீழே நழுவும், காருக்குள் ரோடு போடும் வாசனை வரும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியே மழைநீர் கதவுக்குள் போகத்தான் செய்யும், அடியில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். ஆர்வக் கோளாறில் அந்தத் துளைகளையும் சேர்த்து ஒட்டினால் ஐப்பசி கார்த்திகையில் ஒவ்வொரு கதவும் ஒரு செம்பரம்பாக்கம் ஏரி. துரு எடுத்தபின் அடக்குவதற்குத் தகரமே மிஞ்சாது. கடையில் பாக்கெட்டாகத்தான் கொடுப்பார்கள், கால் பங்கு ஒட்டினால் நிறைய மிச்சமாகும். அதில் ஒரு துண்டைப் பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். டிக்கியைச் சாத்தும்போது வரும் டப்பாச் சத்தத்துக்குப் பல கார்களில் அந்தப் பிளேட்தான் காரணம். ரெண்டு ஸ்குரூ வேலை என்பதால் பெரும்பாலும் அதற்குத் தனியாகக் கூலியும் கேட்க மாட்டார்கள்.