மூவேந்தர் இலச்சினையும் முப்பது எம்பி மென்பொருளும்

ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் புலி, அதன் முன் இரண்டு மீன், கீழே ஒரு வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். பாண்டியனும் சேரனும் எனக்கு அடக்கம் என்பது அதன் பொருள். நான் எழுதி விற்கும் ஏலச்சீட்டுக் கணக்கு மென்பொருளின் விளம்பரத்து அடியிலும், அது ஓடும் இயங்குதளங்களைக் காட்டும் மூன்று சின்னங்கள் உண்டு: நாலு கட்டச் சன்னல், கடித்த ஆப்பிள், உட்கார்ந்த பென்குயின். இவ்விரண்டும் ஒரே மரபில் வந்தவை என்பதும், வரும் வழியில் பொருள் தலைகீழாகப் புரண்டுவிட்டது என்பதும் இவ்வாய்வின் துணிபு. சோழன் மூன்றையும் பொறித்தது தான் மூன்றையும் ஆண்டதால். நான் பொறித்திருப்பது மூன்றும் என்னை ஆள்வதால்.

ஆய்வுக்களம், எங்கள் வீட்டு மொட்டைமாடி அறை. ஆய்வுக்கு உட்பட்ட வாடிக்கையாளர் மூவர். அவர்களில் ஒருவர் என் மச்சினர் என்பதால் அவர் விடைகள் கணக்கில் கொள்ளப்படவில்லை. அவர் இன்னும் காசும் தரவில்லை.

இலச்சினை வரலாற்றை 1995 ஆகஸ்ட் 24க்கு முன், பின் என்று பிரிப்பது வசதி. அன்றுதான் விண்டோஸ் 95 கடைக்கு வந்தது. பெட்டிமேல் 'டிசைன்ட் ஃபார் விண்டோஸ் 95' என்று போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட மென்பொருள் பல சோதனைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. அவற்றுள் இரண்டு என்னை நெகிழ வைப்பவை. ஒன்று, தன்னைத் தானே துடைத்துக்கொண்டு வெளியேறும் அன்இன்ஸ்டாலரைக் கையோடு கொண்டுவர வேண்டும். குடிவரும்போதே காலி செய்யும் தேதியையும் எழுதிக்கொடு என்று கேட்ட வீட்டுக்காரரை நான் மயிலாப்பூரில் மட்டுமே பார்த்திருக்கிறேன். மற்றொன்று, 95க்கென்றே வடிவமைத்தது என்று சொல்லிக்கொள்வதற்கு அது அதே கம்பெனியின் இன்னொரு இயங்குதளமான விண்டோஸ் என்டியிலும் ஓடிக்காட்ட வேண்டும். தங்கையைப் பெண் கேட்டு வந்தவன் அக்கா வீட்டுக்கும் ஒரு நாள் தண்ணீர் இறைத்துக் காட்ட வேண்டும் என்பதுபோல.

என்னைப் போன்ற சில்லறை ஆட்கள் இதற்கு ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? மளிகைக் கடைச் சுவரில் அமைச்சரோடு முதலாளி நிற்கும் படம் மாட்டியிருக்கும். அமைச்சர் அந்தக் கடையில் கால் கிலோ பருப்பு வாங்கியதில்லை. இருந்தாலும் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் எடை குறைக்க மாட்டார் என்று நமக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வாங்க வருகிறவருக்கு என் பெயர் தெரியாது, சன்னலைத் தெரியும். அறிந்த முகத்தைக் கடன் வாங்கி அறியாத முகத்துக்கு ஒட்டுவதே இக்கலை. இதில் வட்டி யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் சீட்டுக் கணக்கைப் பார்க்கும் ஒவ்வொருவரும் மைக்ரோசாஃப்டின் விளம்பரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுகிறார். அதற்கு அவர்கள் எனக்கு இதுவரை ஒரு காலண்டர்கூட அனுப்பியதில்லை.

இனி இலக்கணம். இலச்சினை சொல்வதையெல்லாம் தமிழில் 'ஓடும்' என்ற ஒரே சொல்லில் அடக்கலாம். ஆனால் இது செய்யும் என்னும் வாய்பாட்டுச் சொல். முற்றாகவும் வரும், எச்சமாகவும் வரும். 'விண்டோஸில் ஓடும்' என்பதை முற்றாகக் கொண்டால் வாக்குறுதி. பெயரெச்சமாகக் கொண்டால், ஓடும் எது என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும். காலமும் தெளிவில்லை. இன்றே ஓடுகிறதா, இனிமேல்தான் ஓடுமா, அடுத்த அப்டேட்டைக் கண்டதும் தலைதெறிக்க ஓடுமா? மூன்று பொருளும் இலக்கணப்படி சரி. என் அனுபவத்தில் மூன்றுமே நடந்திருக்கின்றன.

இதே சிக்கல் ஆங்கிலத்தில் நீதிமன்றம் வரை போனது. 2006இல் கடைகளிலிருந்த கணினிகள்மேல் 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வல்லது என்றார்களே தவிர எதில் வல்லது என்று சொல்லவில்லை. 2007 ஜனவரிக் கடைசியில் விஸ்டா வந்தபோது, ஒட்டு வாங்கிய கணினிகள் பலவற்றில் ஹோம் பேசிக் என்ற ஏழைப் பதிப்புதான் ஒழுங்காக ஓடியது. விளம்பரத்தில் பளபளத்த ஏரோ கண்ணாடித் தோற்றம் வரவே இல்லை. சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். அதில் வெளிவந்த உள் மின்னஞ்சல்களில், மைக்ரோசாஃப்டின் உயர் அதிகாரி ஒருவரே தன் மடிக்கணினி 2100 டாலருக்கு மின்னஞ்சல் பார்க்கும் பெட்டியாகிப் போனதாக நொந்துகொண்டிருந்தார். முத்திரை அடித்த அரண்மனைக்குள்ளேயே முத்திரையால் ஏமாந்த செய்தி எந்தச் செப்பேட்டிலும் இல்லை. செப்பேடு எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஒரு இலச்சினையை மட்டும் நான் மதிக்கிறேன். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினிக்காக வால்வ் நிறுவனம் தருவது அது. பச்சை டிக் என்றால் சரிபார்த்தாயிற்று. மஞ்சள் என்றால் கொஞ்சம் அனுசரித்து ஆடலாம். சாம்பல் என்றால் ஆகாது. நான்காவது, இன்னும் பார்க்கவே இல்லை. 1280க்கு 800 திரையில் எழுத்தின் உயரம் 9 பிக்சலுக்குக் குறையக்கூடாது என்று விதி. தனியாளாகச் செய்த விளையாட்டில் எழுத்து பொடியாக இருந்தால் மஞ்சள்தான். ஆனால் பொடியாக இருக்கிறது என்ற காரணத்தையும் கூடவே எழுதிவிடுகிறார்கள். ஃபெயில் என்று மட்டும் சொல்லாமல் எங்கே மார்க் போனது என்று சொல்லும் வாத்தியாருக்கு நம் ஊரில் எப்போதும் மரியாதை உண்டு.

கைபேசிக்கு வந்தால் கதை கோயில் திருவிழாவாகிவிடும். பல கடைகளின் பேட்ஜ்களை வரிசையாகப் போடும்போது தங்களுடையதுதான் முதலில் வரவேண்டும் என்பது ஆப்பிளின் விதி. சுற்றிலும் பேட்ஜின் உயரத்தில் கால் பங்கு இடத்தைக் காலியாக விட வேண்டும், சாய்க்கக்கூடாது, ஆட்டக்கூடாது. கூகுள் முதலிடம் கேட்பதில்லை. தன் பேட்ஜ் மற்றக் கடைகளின் பேட்ஜைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. ஒருவருக்கு முதல் பரிவட்டம், இன்னொருவருக்கு அதே நீளப் பரிவட்டம். இதற்கு நடுவில் என் மென்பொருளின் பெயர் எந்த அளவில் இருக்கலாம் என்பது பற்றி இருவருக்கும் கவலையில்லை. உண்டியல் பக்கம் போட்டுக்கொள்ளலாம்போல.

இவ்வளவும் எழுதி முடித்த நிலையில் விருதுநகரிலிருந்து, வற்றல் மண்டியும் ஏலச்சீட்டும் நடத்தும் ஒரு அண்ணாச்சியின் போன் வந்தது.

"தம்பி, கீழ சன்னல் படம் போட்டிருக்கீங்களே, அந்தக் கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானா?"

"இல்ல அண்ணாச்சி. அதுல ஓடும்னு அர்த்தம்."

"ஓடும்னு யாரு சொல்றது?"

"நான்தான்."

"அப்ப உங்க படத்தையில்ல போடணும்?"

மறுப்புரை எதுவும் என்னிடம் இல்லை. அண்ணாச்சி வாங்கினார். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தார். ஏலத்தில் தள்ளுப் போன தொகையை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதில் ஒரு ரூபாய் உதைத்தது. இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார், திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் அவர் மண்டியின் போர்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். சிவப்பு மிளகாய் இரண்டு குறுக்காக, மேலே அவர் அப்பா பெயர்.

"நம்ம கடையில ஓடுதுன்னு இதையும் போட்டுக்கோங்க தம்பி. இங்க சீட்டு நடத்துறவனுக்குச் சன்னலத் தெரியாது, என்னத் தெரியும். ஆனா ஒண்ணு, நம்ம படம்தான் முதல்ல வரணும். மத்தது எதையும் விடச் சின்னதாவும் இருக்கக்கூடாது."

சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.