கதியால் கையேடு

யாழ்ப்பாணத்தில் காணிக்காரர் ஆகிவிட்டீர்களா? இனி உங்களுக்கு ஓர் எதிரி தேவை. தேடி அலைய வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார். பெரும்பாலும் உங்கள் பெரியப்பாவின் மகன்.

முதலில் உறுதியை எடுத்துப் படியுங்கள். பரப்புக் கணக்கோடு நான்கு எல்லைகளும் இருக்கும்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே எப்போதோ செத்துப்போன ஒரு கிழவியும் மற்றும் பேரும். கிழவியின் காணி எந்த இடத்தில் முடிந்தது என்பதை மட்டும் உறுதி சொல்லாது. சண்டைக்கு இதைவிட வாய்ப்பான பத்திரம் கிடையாது.

அடுத்தது கதியால், வேலியில் நட்டுத் துளிர்க்கவிடும் கம்பு. வேலி அடைக்கும் காலத்தில் பட்டுப்போனதைப் பிடுங்கிப் புதிதை நடுவார்கள். நடும்போது அரைச் சாண் தள்ளி நடுங்கள். அந்தத் துண்டு உங்களுடையதாக, 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி 10 வருடம் தடையில்லாமல், தனதென்று ஆண்டு காட்ட வேண்டும்; கொஞ்சம் பொறுமை வேண்டும். கிளுவை இதற்கு உதவாது, ஒல்லி. பூவரசு நல்லது. பருத்துப் பருத்துத் தானாகவே எல்லை தாண்டும், ஒருவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

தள்ளப்பட்டவர் நீங்களென்றால் திண்ணையிலிருந்து முணுமுணுக்காதீர்கள். காணித் தகராறுக்கென்றே 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது. சமாதானம் குலையும் என்று கண்டால்தான் பொலிஸ் அதை எடுக்கும். ஆகவே அலவாங்கோடு வேலியடியில் நின்று உரத்துக் கத்துங்கள். அடித்துவிடாதீர்கள், அது வேறு வழக்கு, வேறு அப்புக்காத்து. வழக்கு வைப்பதற்கு முந்திய 2 மாதத்துக்குள் பறிபோயிருக்க வேண்டும் என்பதால், கதியால் நகர்ந்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். வென்றாலும் காணி யாருடையது என்று நீதவான் சொல்லமாட்டார். யார் கையில் இருந்தது என்பதோடு சரி. உரித்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. சட்டத்தரணிமாரின் பிள்ளைகளும் படிக்க வேண்டுமே.

மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்வார்கள். கவனம்! அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது. நீங்களே பேச வேண்டும், பேசினால் தீர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

சாட்சிக்குக் கவலை வேண்டாம். வேலிக்கு ஓணான் இருக்கிறது. செலவுக்குக் கனடாவில் தம்பி இருக்கிறார். அவர் அனுப்பும் டொலருக்கு அந்த அரைச் சாண் என்ன, பக்கத்தில் ஒரு பரப்பே வாங்கலாம் என்ற கணக்கைப் போனில் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

எதைச் செய்தாலும் கிணற்றடியில் வேலியிலுள்ள பொட்டை மட்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த தவணைக்கு அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்ற செய்தி நின்றுபோகும். உங்கள் அம்மா அதற்குள்ளால் குனிந்து போய்த்தான் அதைக் கேட்டு வருகிறார். வரும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் முறித்து வருவார். மரம் வழக்கில் இருக்கும் அந்த அரைச் சாணில் நிற்கிறது.